புல்வெட்டி கிளாவா

கிளாவா செத்ததற்கு எங்கள் ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். "விதி" என்கிறார் பாதிரியார். அவருக்கு மழை பெய்தாலும் விதி, பெய்யாவிட்டாலும் விதி. ரஷ்யாக்காரிக்கு எங்கள் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறான் சாராயக்கடை ஸோலோ. இருபது வருஷத்துக்கு மேல் ஒத்துக்கொண்ட வெயில் திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டதாம்! நான் இந்த ஊர் நர்ஸ், பெயர் ஸ்லாவ்கா. அவள் எதனால் செத்தாள் என்று எனக்குத் தெரியும். மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கினால் எனக்கும் ஏதாவது வந்து தொலைக்கும். அதனால் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காலத்தில் வடமேற்குப் பல்கேரியாவிலிருந்து ஆண்கள் கும்பல் கும்பலாக ரஷ்யாவின் வடக்கே கோமி என்ற இடத்துக் காட்டுக்கு மரம் வெட்டப் போவார்கள். நல்ல சம்பளம். திரும்பி வரும்போது சிலர் கார் வாங்குவார்கள், சிலர் பெண்டாட்டியோடு வருவார்கள். என் வீட்டுக்கு மூன்றாவது வீட்டுப் பர்வான் இரண்டையும் கொண்டுவருவேன் என்று மீசையை முறுக்கிவிட்டுப் போனான். கார் வரவில்லை. கிளாவா வந்தாள். நல்ல உயரம், முகமெல்லாம் செம்புள்ளி, கை ஒவ்வொன்றும் ரொட்டிப் பலகை போல அகலம். சிரித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

நாங்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்கில் ரஷ்ய மொழி படித்தவர்கள். விண்வெளிக்குப் போன நாயைப் பற்றி ஒரு பக்கம் மூச்சுவிடாமல் ஒப்பிப்போம். ஆனால் கடையில் வந்து நின்று அவள் தீப்பெட்டி கேட்டபோது ஒருத்தருக்கும் விளங்கவில்லை. அவள் கையால் உரசிக் காட்டினாள். ஸோலோ அவளுக்குச் சொறி என்று நினைத்து என்னிடம் அனுப்பிவைத்தான். அந்தப் புத்திசாலிதான் இன்றைக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறவன்.

அவளோடு முதலில் பேச்சு வைத்துக்கொண்டவள் பக்கத்து வீட்டு நெதா. கிளாவாவைவிட ஐந்தாறு வயது மூத்தவள். புருஷன் டிராக்டர் கவிழ்ந்து செத்துப்போக, ஒரு பசுமாட்டையும் ஆற்றோரம் ஒரு புல்வெளியையும் வைத்துக்கொண்டு தனியாகக் கிடந்தவள். அந்த வருஷம் அவள் புல் முற்றிப்போய் நின்றது. எங்கள் பக்கம் ஆண்கள்தான் நின்று அறுப்பார்கள், பெண்கள் வாரிக் கூட்டுவார்கள். நெதாவுக்கு அறுத்துக்கொடுக்க ஆள் இல்லை. கேட்டவனெல்லாம் முதலில் சாராயப் புட்டி எங்கே என்று கேட்டான். புட்டி காலியானதும் முதுகுவலி என்று படுத்தான்.

ஒரு நாள் வேலிக்கு மேலே கையை நீட்டி, ஒரு பிடி புல்லைக் காட்டினாள் நெதா. "த்ரெவா" என்றாள். எங்கள் வார்த்தை அது.

"த்ராவா!" என்று கத்தினாள் கிளாவா. அவள் ஊர் வார்த்தை அது. கத்தின கத்தில் நெதாவின் கோழியெல்லாம் பறந்துவிட்டன.

"அவ வந்த நாளா அவ பேசுனதுல எனக்கு வெளங்குன மொத வார்த்தை அதுதான் சிஸ்டர்" என்று நெதா பிற்பாடு என்னிடம் சொல்வாள். "கேட்டதும் எம்மாடே வாயத் தொறந்து பேசுன மாதிரி இருந்துச்சு."

நெதா கூப்பிட்டது புல் வாருவதற்குத்தான். கிளாவாவோ கொட்டகைக்குள் புகுந்து, ஆள் உயரப் பிடி போட்ட பர்வானின் அரிவாளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்துவிட்டாள். அவள் ஊரில் பெண்கள்தான் அறுப்பார்களாம். இடுப்பைத் திருப்பி அவள் ஒரு வீச்சு வீசினால் பனியோடு புல் அப்படியே சாய்ந்து படுக்கும். மத்தியானத்துக்குள் முழு வெளியும் முடிந்தது. வேலையில்லாத ஆண்கள் எல்லோரும் பாலத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏம்ப்பா பர்வான், நாளைக்கு நீ ரொட்டி சுட்டு எடுத்துக்கிட்டு வயலுக்குப் போ. மறக்காம பாவாடையும் கட்டிக்க" என்றான் ஸோலோ.

பர்வான் சளைத்தவனா? "அவ அறுக்குறா, நான் குடிக்கிறேன். ஒரு வீட்டுல ஆளுக்கொரு வேலை வேண்டாமா?" என்றான்.

சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது நிஜம்தான். சாகிற வரைக்கும் அந்த வேலையை ஒழுங்காகப் பார்த்தான். ஈரல் வெந்து போனான். அதற்குள் வேரா என்று ஒரு மகள் பிறந்து வளர்ந்திருந்தாள். கிளாவாவும் எங்கள் மொழியை எங்களைவிட வேகமாகப் பேசக் கற்றுக்கொண்டாள். ஆனால் புல்லை மட்டும் கடைசி வரை "த்ராவா" என்றே சொன்னாள். அதை யாரும் திருத்தவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் செர்பியாக்காரனும் அப்படித்தானே சொல்கிறான். எல்லையில் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்ட காலத்திலும் அந்த வார்த்தைக்கு யாரும் கடவுச்சீட்டுக் கேட்டதில்லை.

அவள் கை சும்மா இருக்காது. தன் புல், நெதாவின் புல் முடிந்தால் சாலையோரத்தை அறுப்பாள். பள்ளிக்கூட முற்றத்தை அறுப்பாள். என் சுகாதார நிலையத்து வாசலை அறுத்துவிட்டு, "சிஸ்டர், உள்ள வர்ற நோயாளி வழி தெரியாம திரும்பிப் போயிடப் போறான்" என்று கிண்டல் செய்வாள். கல்லறைத் தோட்டத்தையும் அறுப்பாள். அந்தப் புல்லை மட்டும் மாட்டுக்குப் போடமாட்டாள், மூலையில் குவித்துவிட்டு வருவாள். புல்வெட்டி என்று ஊரே கூப்பிட்டது. கூப்பிட்டால் சந்தோஷமாகத் திரும்பிப் பார்ப்பாள்.

அப்புறம் எங்கள் காலம் கெட்டது. கூட்டுப்பண்ணையைக் கலைத்தார்கள். மாட்டைப் பிரித்தார்கள், கூரை ஓட்டைக்கூடப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். கால் உள்ளவன் எல்லாம் ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் ஓடினான். பள்ளிக்கூடம் மூடியது. தெருவில் நடந்தால் எதிரே ஆள் வரமாட்டார், வாசல் கதவுகளில் படத்தோடு ஒட்டிய இறப்பு அறிவிப்புகள்தான் வரிசையாகப் பார்த்துக்கொண்டிருக்கும். அவற்றையும் புதுப்பிக்க ஆளில்லாமல் மழையில் முகங்கள் கரைந்து போயின. புல் மட்டும் செழித்தது. தார்ச் சாலையைப் பிளந்துகொண்டு முளைத்தது. கிளாவாவுக்கு வேலை கூடிக்கொண்டே போயிற்று.

வேராவும் ஸ்பெயினுக்கு ஸ்ட்ராபெரி பறிக்கப் போனாள். ஞாயிற்றுக்கிழமை அவள் போன் செய்தால் கிளாவா ஒலிபெருக்கியைப் போட்டுவிடுவாள். தெருவே கேட்கும், அதாவது நானும் நெதாவும் கேட்போம். ஒரு முறை வேரா சொன்னாள்: "அம்மா, இங்க என் ரூம்ல ஒரு போலந்துக்காரி, ஒரு உக்ரைன்காரி, ஒரு ஸ்லோவாக்கியாக்காரி. சண்டை வந்தா ஒருத்தி திட்டுறது இன்னொருத்திக்குப் புரியல, வீணாப் போவுது. ஆனா புல்லுக்கு மட்டும் எல்லாருமே த்ராவாங்குறாளுங்க!"

கிளாவா தொடையில் தட்டிச் சிரித்தாள். "அப்ப எங்க போனாலும் ஒரு மாட்டக் காப்பாத்திடலாம்டி. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். நெதா அதற்கு ஒரு மாசம் சிரித்தாள்.

இரண்டு பேரும் அப்படித்தான் இருந்தார்கள். அறுப்பது ஒருத்தி, வாருவது ஒருத்தி. ஒரே அடுப்பில் பீன்ஸ் வெந்தது. குளிர்காலத்தில் விறகு மிச்சப்படும் என்று கிளாவா வீட்டிலேயே நெதா படுத்துக்கொள்வாள். கூடப் பிறந்தவளோடு எனக்கு இப்படி ஒட்டவில்லை, உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாகவே இருக்கும்.

ஒரு வருஷம் ஈஸ்டர் கழிந்து கிளாவா என்னிடம் வந்தாள். தோள் வலிக்கிறது, ஏதாவது களிம்பு இருந்தால் கொடு என்றாள். சட்டையைக் கழற்றச் சொல்லித் தடவிப் பார்த்தேன். இடது மார்பில் கட்டி. கொட்டைப் பாக்கு அளவு, அசையவில்லை.

"எத்தன நாளா இருக்குடி இது?"

"நோன்புக்கு முன்னாலயே. ஏதோ பூச்சி கடிச்சிருக்கும்னு விட்டுட்டேன்."

"பூச்சியா! வாத்து கடிச்சாக்கூட இப்படி வீங்காதுடி, மூதேவி!"

மறுநாளே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். படம் எடுத்தார்கள், ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். டாக்டர் நல்ல மனுஷர். கட்டி சின்னது, வேறெங்கும் பரவவில்லை, உடனே எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள் என்று என் முன்னாலேயே சொன்னார். ஆண்டவர் விண்ணேற்புத் திருநாள் முடிந்து வரும் திங்கட்கிழமை அறுவை என்று நாளும் குறித்தார். திரும்பும்போது பஸ்ஸில் கிளாவா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"எங்கம்மாவுக்கும் இதேதான் சிஸ்டர். அறுத்தாங்க. அறுத்த கையோட போயிட்டா" என்றாள்.

"அது அந்தக் காலம். இப்ப மருந்து வந்துடுச்சு. வாய மூடிக்கிட்டு வா."

"வர்றேன், வர்றேன். நீ விடவா போற?"

வருகிறேன் என்றுதான் சொன்னாள். இதை நான் எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

இடையில் நெதா புகுந்தாள். எங்கள் மலைச்சரிவில் ரோசன் என்று ஒரு செடி பூக்கும். இளஞ்சிவப்புப் பூ, எலுமிச்சை வாசம். விண்ணேற்புக்கு முந்தைய இரவு காட்டு மோகினிகள் அந்தப் பூவைப் பறிக்க வருவார்கள் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. நோயாளி அங்கே போய், தலைமாட்டில் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிட்டு, பேசாமல் படுக்க வேண்டும். கூட ஒரு துணை வேண்டும். ரத்த உறவு ஆகாது, அன்னியராக இருக்க வேண்டும். ஒரே ரொட்டியைப் பிட்டுத் தின்றபின் அந்த இருவரும் சாகும் வரை உடன்பிறப்பு. விடிந்ததும் கிண்ணத்தைப் பார்ப்பார்கள். பச்சை இலை விழுந்திருந்தால் நோய் போகும். காய்ந்த இலை என்றால் நோய் நீளும். மண் விழுந்திருந்தால் மண்தான்.

கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கிண்ணத்துல காத்தடிச்சு எது விழுதோ அதப் பாத்து வைத்தியம் பண்றதுக்கு நான் எதுக்குடி இந்த வெள்ளைக் கோட்ட மாட்டிக்கிட்டுத் திரியறேன்?" என்று நெதாவைக் கிழித்தேன்.

கிளாவாதான் சமாதானம் செய்தாள். "எங்கூர்ல மாட்டுக்குப் போடுறதும் த்ராவா, மருந்துக்கு அரைக்கிறதும் த்ராவா. புல்லு எனக்கு இதுவரைக்கும் ஒரு கெடுதலும் பண்ணுனதில்ல சிஸ்டர். அக்கா ஆசைப்படுறா. போய்ப் படுத்துட்டு வந்துடுறேன். திங்கக்கிழமை காலைல பஸ்ஸுல உன் பக்கத்துல உக்காந்திருப்பேன், போதுமா?"

போதும் என்று விட்டேன். ஒரு ராத்திரி புல்லில் படுத்தால் சளி பிடிக்கும், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

திருநாளன்று காலையில் இரண்டு பேரும் பனியில் நனைந்த பாவாடையோடு என் வாசலில் வந்து நின்றார்கள். கிளாவா ஒரு கைக்குட்டையைப் பிரித்தாள். உள்ளே ஒரு பச்சை இலை, ஈரத்தோடு.

"பாத்தியா சிஸ்டர்! பச்சை!" அந்தத் தெருமுனைச் சிரிப்பு.

"ரொம்ப சந்தோஷம். திங்கக்கிழமை ஆறு மணி பஸ். சோப்பு, துண்டு, செருப்பு எடுத்து வை" என்றேன். நெதா பேசவில்லை. தூக்கமில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை நிறுத்தத்தில் நின்றேன். பஸ் வந்தது, என்னைப் பார்த்துக் கதவைத் திறந்தது, மூடிக்கொண்டு போயிற்று. நான் கிளாவா வீட்டுக்கு ஓடினேன். முற்றத்தில் உட்கார்ந்து சின்னப் பட்டடையில் அரிவாளைத் தட்டிக் கூராக்கிக்கொண்டிருந்தாள். நெதா பக்கத்தில் நின்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"பச்சை விழுந்துடுச்சே சிஸ்டர். இனிமே எனக்குக் கத்தி எதுக்கு?" என்றாள் கிளாவா. முகத்தை நிமிர்த்தவில்லை.

நான் போட்ட கூச்சல் ஆற்றுக்கு அந்தப்பக்கம் கேட்டிருக்கும். கெஞ்சினேன், மிரட்டினேன், வேராவின் பெயரைச் சொன்னேன். கிளாவா டொக் டொக் என்று தட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் நெதாவைப் பிடித்துக்கொண்டேன்.

"நீயாவது சொல்லேண்டி! அவ உன் பேச்சத்தான் கேப்பா. ஒரு வார்த்தை சொல்லு, அடுத்த பஸ்ஸப் பிடிச்சிடலாம்."

நெதா வாளியையே பார்த்தாள். "அவ இஷ்டம் சிஸ்டர். அறுத்து மட்டும் என்ன ஆகப்போவுது?"

அன்றைக்கு அந்த வார்த்தை எனக்கு உறைக்கவில்லை. திமிர் என்று நினைத்தேன். வேராவுக்குப் போன் செய்து சொன்னேன். அவள் ஸ்பெயினிலிருந்து தினமும் அழுதாள். தாய்க்காரி, "எனக்கு ஒண்ணுமில்லடி, இல விழுந்துடுச்சு, நீ பழத்தப் பறி" என்று போனை வைத்துவிடுவாள். டாக்டர் இன்னொரு நாள் குறித்தார். அதற்கும் போகவில்லை. பெரிய மனுஷியைக் கயிற்றால் கட்டியா தூக்கிக்கொண்டு போக முடியும்?

அந்தக் கோடையில் கிளாவா அறுத்த மாதிரி என்றுமே அறுத்ததில்லை. ஆளில்லாத வீட்டு முற்றங்களையெல்லாம் அறுத்தாள். செத்தவர்கள், ஸ்பெயின் போனவர்கள், யார் வீடு என்றே மறந்துபோன வீடுகள். நெதா பின்னாலேயே வாரிக்கொண்டு போனாள். புல் போர்கள் வரிசையாக நின்றன. தின்ன மாடு எங்கே இருக்கிறது? ஒரே ஒரு மாடு.

இலையுதிரும் காலத்தில் அவளால் குனிய முடியவில்லை. முதுகு என்றாள். அப்புறம் இடுப்பு என்றாள். ஒரு நாள் காலையில் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவே முடியவில்லை. கார் பிடித்து நகரத்துக்குக் கொண்டுபோனோம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பார்த்தார். என்னைத் தனியே கூப்பிட்டு, எலும்பெல்லாம் பரவிவிட்டது, இனி வலிக்கு மட்டும்தான் மருந்து என்றார். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்கு மறுநாள் நெதா என் சுகாதார நிலையத்துக்கு வந்தாள். நாற்காலி இருக்கும்போதே தரையில் உட்கார்ந்தாள்.

"சிஸ்டர், அந்தக் கிண்ணத்துல மண்ணுதான் விழுந்திருந்துச்சு."

"எந்தக் கிண்ணத்துல?"

"ரோசன் காட்டுல. விடியறதுக்குக் கொஞ்சம் முன்னால முழிச்சுப் பாத்தேன். அடியில கறுப்பா மண்ணு. அவ தூங்கிக்கிட்டு இருந்தா. சத்தமில்லாம ஊத்திட்டு, வேற தண்ணி ஊத்தி, நானே ஒரு பச்ச இலையக் கிள்ளிப் போட்டேன்."

"நீ போட்ட இலைய நம்பித்தானேடி அவ ஆஸ்பத்திரிக்கு வரல! திங்கக்கிழமையே சொல்லியிருக்கலாமே பாவி! ஒரே ஒரு வார்த்தை!"

"சொல்லி என்ன பிரயோஜனம்? மண்ணு விழுந்தவ பொழைக்க மாட்டா. போகப்போறவளக் கொண்டுபோயி எதுக்குக் கூறு போடணும்? இருக்குற வரைக்கும் சிரிச்சுக்கிட்டு புல்லு அறுக்கட்டுமேன்னு நெனச்சேன்."

"அது எலி தோண்டின மண்ணுடி! எலி! காத்து! உன் கால் பட்ட புழுதி! அவளுக்கு வந்தது கொட்டப் பாக்களவு கட்டி, வெட்டி எறிஞ்சிருந்தா இன்னும் இருபது வருஷம் உன்கூடப் புல்லு வெட்டியிருப்பா!"

அறைவதற்குக் கையை ஓங்கிவிட்டேன். அவள் நகரவில்லை, முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓங்கின கையை என்ன செய்வது என்று தெரியாமல் என் தலையிலேயே அடித்துக்கொண்டேன். பிறகு நானும் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அதற்கப்புறம் தினமும் இரண்டு வேளை கிளாவாவுக்கு ஊசி போடப் போவேன். நெதா அவளைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டாள். தயிரைக் கரண்டியால் ஊட்டுவாள், தலை வாரிவிடுவாள், கட்டிலோடு சேர்த்து ஜன்னல் பக்கம் இழுத்துவிடுவாள். "பச்ச விழுந்திருக்குல்ல, வசந்தத்துக்குள்ள எந்திரிச்சிடுவ" என்பாள். கிளாவாவும் "ஆமாக்கா" என்பாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஊசியை ஏற்றுவேன்.

ஒரு நாள் நெதா பால் கறக்கப் போன நேரம். கிளாவா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த அகலக் கை எலும்பாக இருந்தது.

"சிஸ்டர், அக்கா உன்கிட்ட சொல்லிட்டாளா?"

"என்னத்த?"

"மண்ண."

நான் ஊசியைத் தட்டில் வைத்தேன்.

"நான் தூங்கவே இல்ல" என்றாள் கிளாவா. "குளிரு. கண்ண மூடிக்கிட்டுச் சும்மா கெடந்தேன். அவ எந்திரிச்சு கிண்ணத்தப் பாத்தா. வாயப் பொத்திக்கிட்டு அழுதா. தண்ணிய மாத்தினா. இலையக் கிள்ளும்போது ரெண்டு மூணு தடவ கீழ போட்டா. எல்லாம் முடிச்சுட்டு வந்து படுத்துக் கொறட்ட விட்டா பாரு, பொய்க் கொறட்ட! சிரிப்ப அடக்கறதுக்கு நான் பட்ட பாடு."

"பாத்துட்டுமா வரல? பாத்துட்டுமாடி திங்கக்கிழமை வராம இருந்த?"

"மண்ணு விழுந்துடுச்சே சிஸ்டர். இனிமே அறுத்தா என்ன, அறுக்காட்டி என்ன?"

"அடியேய், கிண்ணத்துல மண்ணு விழுந்தா செத்துப்போவாங்கன்னு உனக்கு யாருடி சொன்னது? அது எங்கூர்க் கத, உங்கூர்க் கதகூட இல்லையே!"

"இருபது வருஷம் ஆச்சே, இதானே எங்கூரு" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "அதோட, நான் ஆஸ்பத்திரிக்குக் கெளம்பினா அவ போட்ட இலைய நான் நம்பலன்னு ஆயிடும். பாத்துட்டேன்னு கண்டுபிடிச்சிடுவா. கூடப் பொறந்தவளா ஆன மறுநாளே அவளுக்கு அந்தக் கஷ்டத்தக் குடுக்கவா? அவகிட்ட சொல்லிடாத சிஸ்டர். உன் வாய் பெரிய வாய், எனக்குத் தெரியும். இது ஒண்ண மட்டும் அடக்கிக்க."

வெளியே வாளிச் சத்தம் கேட்டது. நெதா வந்து, "என்ன, ரெண்டு பேரும் என்னப் பத்திப் பேசிக்கிட்டிருக்கீங்களா?" என்றாள். "ஒன்னத்தவிர இந்த ஊர்ல பேச ஆரு இருக்கா?" என்றாள் கிளாவா.

கொடும் பனிக்காலத்தில் செத்தாள். தரை இறுகிக் கிடந்தது. குழி தோண்ட நாலு ஆண்களைத் தேட வேண்டியிருந்தது, அதில் இரண்டு பேர் பக்கத்து ஊர். வேரா விமானத்தில் வந்தாள். யாருடைய தோளிலும் சாயாமல் நின்று அழுதாள். வாசலில் அம்மாவின் அறிவிப்பை ஒட்டினாள், வீட்டைப் பூட்டினாள், போய்விட்டாள். ஒரே ஒரு மாட்டையும் நெதா விற்றுவிட்டாள்.

நாற்பதாம் நாள். கோதுமையை வேகவைத்து, சர்க்கரை தூவி, செத்தவள் பெயரில் வீடு வீடாகக் கொடுக்க வேண்டும். கொடுக்க வீடுகள் இல்லை. கல்லறையிலிருந்து தட்டை அப்படியே ஏந்திக்கொண்டு நெதா என்னிடம் வந்தாள். இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சிஸ்டர், உண்மையச் சொல்லணும். ஊசி போட வர்றப்ப அவகிட்டத் தனியாப் பேசிக்கிட்டிருந்தது நீங்கதான். நான் பண்ணுனது அவளுக்குத் தெரியுமா?"

எனக்கு நாக்கு நுனியில் எல்லாம் வந்து நின்றது. தெரியும்டி, பார்த்துக்கொண்டேதான் கிடந்தாள், நீ அவளையும் அவள் உன்னையும் காப்பாற்றுகிறேன் என்று இரண்டு பேரும் சேர்ந்து ஒரு உசிரைக் குழியில் தள்ளினீர்கள் என்று கத்த வேண்டும் போல இருந்தது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷத்தில் பத்து வயது கூடிப்போயிருந்தாள்.

"தெரியாதுடி" என்றேன். "பச்சைதான் விழுந்துச்சுன்னு நம்பிக்கிட்டேதான் போனா."

நெதா சிலுவை போட்டுக்கொண்டாள். அழுகையும் சிரிப்புமாக மூக்கைத் துடைத்தாள். "அப்பாடா" என்றாள். "என் வாழ்க்கைல அது ஒண்ணாவது ஒழுங்காப் பண்ணியிருக்கேன்."

நான் கோதுமையை ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டேன், பேசாமல் இருப்பதற்காக.

"எனக்கும் கொஞ்ச நாளா வயித்துல ஏதோ பந்து மாதிரி உருளுது சிஸ்டர்" என்றாள். நான் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தேன், சட்டையைத் தூக்கு என்றேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டாள். "அதெல்லாம் வேணாம். திருநாள் வரட்டும். எனக்குக் கூட வர வேற ஆரு இருக்கா, நீங்கதான் வரணும். மண்ணு கிண்ணு விழுந்துச்சுன்னா நீங்களும் ஒரு இலையக் கிள்ளிப் போட்டுடுங்க. எனக்குத் தெரியவே வேணாம். போடுவீங்கல்ல?"

திட்டினேன். கெஞ்சினேன். நகரத்து டாக்டர் பெயரைச் சொன்னேன், காரைப் பிடிக்கிறேன் என்றேன், காலில்கூட விழுவேன் என்றேன். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டாள்.

"சரிடி, போடுறேன்" என்றேன்.